குண்டு விழுந்த இடம் எல்லை

என் தாத்தா நகை வேலை செய்த பத்தர். காரைக்காலில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சின்ன அறைதான் அவருக்குப் பட்டறை. தங்கம் நிறுக்கும்போது ஜன்னலைச் சாத்தச் சொல்வார். கடற்காற்று தராசுத் தட்டை ஆட்டிவிடும். "மூச்ச அடக்குடா தம்பி, முள்ளு நிக்கட்டும்" என்பார். ஒரு தட்டில் தங்கம், மறு தட்டில் குண்டுமணி. பிற்காலத்தில் நான் ஆசிரியராகி, என்.சி.சி. மாணவர்களைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துப்போனபோது, பாயிண்ட் டூ டூ ரைபிளோடு குப்புறப் படுத்திருந்த பிள்ளைகளிடம் அதே வார்த்தையைத்தான் சொன்னேன்: மூச்சை அடக்கு.

இந்த இரண்டு மூச்சுக்கும் நடுவே ஒரு சரித்திரம் இருக்கிறது. அது நடந்தது எங்கள் கடற்கரையில்தான். காரைக்காலுக்கு வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில், கடலூர் தேவனாம்பட்டினத்தில்.

1690ஆம் ஆண்டு. ஆங்கிலேயக் கம்பெனி அங்கிருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் பீரங்கி. கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு எதுவரை போகிறதோ, அதுவரை கம்பெனிக்குச் சொந்தம். அப்படி எல்லைக்குள் விழுந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். கடலூர்ப் பக்கம் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது.

சுடுவதைப் பழக்கியவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அந்தக் காலத்துப் பீரங்கியில் குழாயை விடக் குண்டு சற்றுச் சிறியது; உள்ளே தட்டிமுட்டிக்கொண்டுதான் வெளியே வரும். வெடிமருந்து ஈரம் பட்டிருந்தால் ஒரு தூரம், உலர்ந்திருந்தால் வேறு தூரம். ஒரு பிடி மருந்து கூடினால் ஒரு கிராமம் கூடும். உழுதுகொண்டிருந்தவனின் தலைவிதியை, அளக்கத் தெரியாத ஒரு கருவியை வைத்து அளந்திருக்கிறார்கள்.

அந்தக் கருவியையே அளக்கத் துணிந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர், கணித மேதை. குழலிலிருந்து புறப்படும் குண்டின் வேகம் என்ன என்ற கேள்விக்கு அதுவரை சரியான விடை இல்லை. கண்ணுக்கே தெரியாததை எப்படி அளப்பது? ராபின்ஸ் ஓர் ஊஞ்சல் கட்டினார். முக்காலியிலிருந்து தொங்கும் கனமான இரும்புத் தகடு, அதன் முகத்தில் மரப்பலகை. குண்டு பலகையில் பதிந்ததும் ஊஞ்சல் பின்னால் போகும். அதில் கட்டிய நாடா எவ்வளவு இழுபட்டது என்று பார்த்துக்கொள்வார். ஊஞ்சலின் எடையும் குண்டின் எடையும் தெரியும். ஊஞ்சல் நகர்ந்த தூரமும் தெரியும். மிச்சத்தைக் கணக்கு சொல்லிவிடும். வினாடிக்கு ஏறத்தாழ 1,670 அடி என்று அவருக்கு விடை கிடைத்தது. வேகமாகப் போகும் குண்டைக் காற்று எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறது என்பதும் முதன்முதலாகப் புலப்பட்டது. 1742இல் இதை நூலாக்கினார். மூன்றே ஆண்டில் மாபெரும் கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, விளக்கமும் எழுதினார்.

குண்டு ஏன் நேர்க்கோட்டில் போவதில்லை என்றும் ராபின்ஸ் தேடினார். ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு வலப்பக்கம் திரும்பியது. குழலை உரசிக்கொண்டு வந்ததில் அது பெற்ற சுழற்சிதான் காரணம். தாறுமாறான சுழற்சி குண்டை அலைக்கழிக்கும். குழலுக்குள் புரி வெட்டி ஒழுங்காகச் சுழல வைத்தால் குறி தப்பாது. இந்தப் புரிக்குழல் துப்பாக்கியின் அருமையை உணர்ந்து கைக்கொள்ளும் நாடு மற்ற நாடுகளை விஞ்சும் என்று 1747இலேயே சொல்லிவைத்தார். ரைபிள் என்ற பெயருக்கே அந்தப் புரிதான் மூலம்.

இப்படிப்பட்டவரை எங்கள் கரைக்குக் கொண்டுவந்தது பிரெஞ்சுக்காரர்மேல் இருந்த பயம். 1739இலேயே காரைக்கால் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. 1746இல் சென்னையையும் பிடித்தார்கள். உடன்படிக்கையால் சென்னை திரும்பக் கிடைத்ததும், கோட்டைகளைச் செப்பனிட ராபின்ஸைக் கம்பெனி அனுப்பியது. 1750 ஜூலையில் தேவனாம்பட்டினத்தில் வந்து இறங்கினார். சில வாரங்களிலேயே காய்ச்சல் பிடித்தது. 1751 ஜூலை 29 அன்று, 44ஆம் வயதில், அதே கோட்டையில் இறந்தார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்துவிட்டார். இரண்டே ஆண்டில், 1760இல், ஆங்கிலேயர் காரைக்காலைப் பிடித்தார்கள். கோட்டைகள் போயின, ஊஞ்சல் சொன்ன கணக்கு நிலைத்தது.

வெளிநாடுகளில் தூரக் குறி சுடுபவர்களில் பலர் தங்கள் தோட்டாவைத் தாங்களே கட்டுகிறார்கள். கடைத் தோட்டாக்களில் ஒன்றுக்கொன்று இருக்கும் நூலிழை வித்தியாசத்தைக்கூட அவர்களால் பொறுக்க முடியாது. மருந்தைக் கிரெயின் என்ற அளவில், அதிலும் பத்தில் ஒரு பங்குவரை நிறுக்கிறார்கள். பிறகு சுட்டு, ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் கருவியால் அளந்து, எண்கள் ஒன்றோடொன்று ஒட்டி வருகின்றனவா என்று பார்க்கிறார்கள். அந்தக் கருவி ராபின்ஸின் ஊஞ்சலுக்கு வாரிசு. கிரெயின் என்றால் தானியமணி. வாற்கோதுமை மணியை வைத்து வந்த எடை. ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். என் தாத்தாவின் குண்டுமணி ஒன்று சுமார் 120 மில்லிகிராம், அதாவது இரண்டு கிரெயினுக்குக் கொஞ்சம் குறைவு. ஐரோப்பாவிலும் காரைக்காலிலும் நுட்பமான எடை ஒரு விதையிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது. இது எனக்குத் தெரியவந்த நாளில் தாத்தாவின் தராசை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

என்.சி.சி. பிள்ளைகளுக்கு நான் சொன்னதும் இதுதான்: நடுப்புள்ளியில் ஒரு குண்டு பட்டுவிட்டால் துள்ளாதே, அது தற்செயலாகவும் இருக்கும். ஐந்து குண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து விழுகிறதா பார். சேர்ந்து விழுந்தால், நடுப்புள்ளியை விட்டுத் தள்ளி விழுந்தாலும் திருத்திவிடலாம். சிதறினால் உன்னிடம்தான் ஏதோ ஆடுகிறது.

ராபின்ஸ் கண்மூடிய கடலூரில்தான், 1999இல், இளவேனில் வாலறிவன் பிறந்தார். 10 மீட்டர் ஏர் ரைபிளில், 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றவர். அந்தப் போட்டியில் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். சுடும் ஈயக்குண்டின் குறுக்களவோ நாலரை மில்லிமீட்டர்.

குண்டு விழுந்த இடத்தை எல்லை என்று சொன்ன அதே மண் அது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், கெடிலம் ஆற்றின் ஓரம் நின்ற கோட்டையைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே உயிர்விட்ட அந்த அளவைக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.