கதிரில் விளைந்த மருந்து

கம்பு விளையும் நாட்டில் பிறந்தவர்களுக்குத் தேன் ஒழுகல் நோய் என்னும் பெயர் புதிதன்று. தருமபுரி, அரூர், பென்னாகரம் முதலிய மானாவாரிச் சீமைகளில் கேழ்வரகு, சாமை, சோளம் ஆகியவற்றோடு கம்பும் நெடுங்காலமாக மக்களின் உணவாக இருந்து வந்திருக்கிறது. கம்பு பூக்கும் பருவத்தில் வானம் மூடி, தூறல் விழுந்து, காற்றில் ஈரம் மிகுந்து நின்றால், கதிரிலிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில் பிசுபிசுப்பான துளிகள் கசியும். பார்வைக்குத் தேன் போலவே இருக்கும். சில நாட்களில் அத்துளிகள் வற்றி, மணி இருக்கவேண்டிய இடத்தில் கருநிறக் கட்டி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அது மணியன்று, பூசணம். களத்தில் நல்ல மணியோடு கலந்துவிட்டால் கையால் பொறுக்கி மாளாது. ஆகவே, பத்து லிட்டர் நீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து அதில் விதையைக் கொட்டும்படி வேளாண்மைத் துறையார் கூறுகின்றனர். நல்ல மணி அடியில் தங்கும். பூசணக் கட்டி மேலே மிதக்கும். மிதப்பதை அரித்தெறிந்துவிட்டு, விதையை நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசி நிழலில் உலர்த்திக்கொள்ள வேண்டும்.

இவ்வாறு அரித்தெறியப்படும் பூசணத்திற்கு மேலைநாட்டில் நெருங்கிய உறவினன் ஒருவன் உண்டு. ரை என்னும் தானியத்தின் கதிரைப் பற்றி வாழும் அந்தப் பூசணத்திலிருந்துதான், ஒற்றைத் தலைவலிக்கென்றே தனியாக அமைந்த முதல் மருந்து பிறந்தது. நஞ்சு எவ்வாறு மருந்தாயிற்று, அம்மருந்து எவ்வாறு மீண்டும் நோயாயிற்று என்பதே இங்கே சொல்லப் புகுந்த வரலாறு.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். தலையின் ஒருபாதி தெறித்து விழுவது போன்ற வலி, நாடி துடிக்குந்தோறும் வலியும் துடித்தல், ஒளியையும் ஓசையையும் பொறுக்கமாட்டாமை, குமட்டல், வாந்தி. சில மணி நேரமாவது, சிலருக்கு மூன்று நாட்களாவது, இத்துன்பம் நீடிக்கும். இதற்குப் பெயரிட்டவர்கள் எந்நாட்டவராயினும் ஒரே திசையில் சிந்தித்திருப்பது வியப்புக்குரியது. சுசுருதர் தலைநோய்கள் பதினொன்று என எண்ணி, அவற்றுள் ஒன்றை அர்த்தாவபேதகம் என்றார். பாதியைப் பிளப்பது என்பது பொருள். கிரேக்க மருத்துவர் கேலன் வழங்கிய ஹெமிக்ரேனியா என்னும் சொல்லுக்குப் பாதி மண்டை என்று பொருள். அதுவே தேய்ந்து மைக்ரேன் ஆயிற்று. அரபு மொழிப் பெயரும் பாதி என்பதைக் குறிக்கும் வேரிலிருந்தே வந்தது. நாமோ ஒற்றைத் தலைவலி என்கிறோம். வெவ்வேறு நாட்டு மக்கள் ஒரே பெயரை இட்டிருக்கிறார்கள் என்றால், அவர்கள் கண்டது ஒரே நோயாகத்தான் இருக்க வேண்டும்.

எனினும் பெயர் கிடைத்த அளவிற்கு இந்நோய்க்கு மதிப்புக் கிடைக்கவில்லை. வெளியே காயமில்லை, காய்ச்சலில்லை, மறுநாள் நோயாளி எழுந்து நடமாடுகிறார். ஆகையால், பள்ளிக்குப் போக மனமில்லாத மாணவனின் சாக்கு என்றும், வேலைக்கு அஞ்சும் மருமகளின் நடிப்பு என்றும் இதனைப் புறந்தள்ளினர். ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கே இது இரண்டு மூன்று மடங்கு மிகுதி என்பதும் அந்த அலட்சியத்திற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். 1870-ஆம் ஆண்டில் ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கில மருத்துவர், வலி தொடங்குமுன் தம் கண்முன்னே தோன்றும் ஒளிக்கோடுகளை அப்படியே படமாக வரைந்து வெளியிட்டார். கோட்டை மதிலின் கொத்தளங்களைப் போல மடிந்து மடிந்து செல்லும் கோடுகள் அவை. பிறர் காணமுடியாத ஒன்றைப் பிறர் காணுமாறு செய்தது அந்தப் படம்.

நம் நாட்டார் இந்நோய்க்குக் கைகண்ட முறைகள் சில வைத்திருந்தனர். சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவதும், நொச்சித் தழையிட்டு ஆவி பிடிப்பதும், எண்ணெய் தேய்த்து முழுகுவதும் இன்றும் வழக்கில் உள்ளவை. தருமபுரி மாவட்டத்தில் எண்ணெய் முழுக்கென்றால் ஒகேனக்கல் நினைவுக்கு வராமற் போகாது. காவிரி பாறைகளில் மோதிப் புகையெழும்ப விழும் அவ்விடத்தில், தலையிலும் பிடரியிலும் தோளிலும் எண்ணெயைத் தட்டித் தேய்த்துவிடுதலையே தொழிலாகக் கொண்டோர் உள்ளனர். தேய்ப்பவரின் விரல் பிடரித் தசையில் இறங்கும்போது இறுக்கம் தளர்கிறது, உடல் இளைப்பாறுகிறது. இந்த ஆறுதல் உண்மையானது. ஆயினும் திரும்பத் திரும்ப வரும் ஒற்றைத் தலைவலியை அது வேரோடு நீக்கிவிடும் என்று சொல்ல இயலாது. இதே தகடூர்ச் சீமையை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த கதையை அறியாத மாணவர் இலர். அக்கனி ஆயுளை நீட்டிக்கும் என்றார்களே தவிர, தலைவலியைத் தீர்க்கும் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை! காசிநாதுனி நாகேசுவரராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனமும் பின்னர்ச் சென்னைக்கு வந்து தென்னாட்டு வீடுதோறும் புகுந்தது. அதுவும் வலியை ஆற்றியதே அன்றி, நோயின் போக்கை மாற்றவில்லை.

இனி ரைப் பூசணத்தின் கதைக்கு வருவோம். இதற்கு எர்காட் என்று பெயர். இடைக்கால ஐரோப்பாவில் ஏழை மக்கள் பூசணம் கலந்த ரை மாவினால் ரொட்டி சுட்டு உண்டார்கள். கைகால் விரல்களில் நெருப்பு வைத்தாற்போல் எரிச்சல் கண்டு, பின்பு அவை கருகி உதிர்ந்தன. அந்தோணியார் நெருப்பு என்று மக்கள் இதனை அழைத்தனர். நோயுற்றோரைப் பேணுவதற்கென்றே பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் அவர் பெயரால் துறவியர் சபை ஒன்று பிரான்சில் தோன்றியது. விரல்கள் ஏன் கருகின? பூசணத்திலுள்ள நஞ்சு இரத்தக் குழாய்களை இறுகச் சுருக்கிவிடும். இரத்தம் எட்டாத உறுப்பு செத்துவிடும்.

இந்தச் சுருக்கும் ஆற்றலையே பின்னாளில் மருத்துவர்கள் பயன்படுத்திக்கொண்டனர். பிள்ளைப்பேற்றின் போது கருப்பையைச் சுருக்கவும், உதிரப்போக்கை நிறுத்தவும் மருத்துவச்சிகள் இதனைக் கையாண்டது பழைய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் தலைவலிக்கும் இதனைக் கொடுத்துப் பார்த்தனர். ஆனால் ஒரு கட்டியில் இருக்கும் சத்து மறு கட்டியில் இராது, அளவு பிடிபடவில்லை. 1918-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ஆர்தர் ஸ்டோல் என்னும் வேதியியலார் அதிலிருந்து எர்காட்டமைன் என்ற தூய பொருளைப் பிரித்தெடுத்தார். அதன்பின் மருந்தை நிறுத்துக் கொடுக்க முடிந்தது. 1920-களில் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அது ஊசியாகச் செலுத்தப்பட்டது. 1938-இல் அமெரிக்காவில் கிரஹாம், உல்ஃப் ஆகிய இருவரும் நோயாளியின் பொட்டுப் பகுதியில் துடிக்கும் நாடியை அளந்துகொண்டே இம்மருந்தைக் கொடுத்தனர். நாடியின் துடிப்பு அடங்க அடங்க வலியும் அடங்கியது. நோயாளி சொல்லும் வலிக்கு அன்று கருவியும் சாட்சி சொல்லியது.

நம் மாநிலத்திற்கும் இதில் பங்குண்டு. எர்காட்டுக்குத் தேவை மிகுந்திருந்த 1940-களில், சென்னை மாகாணத்துப் பூசணவியல் அறிஞர்களான கே. எம். தாமசும் டி. எஸ். இராமகிருஷ்ணனும் நீலகிரி மலையில் ரை பயிரிட்டு, அதன் கதிரில் இப்பூசணத்தை வேண்டுமென்றே வளர்க்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டனர். உழவர் உலகமெங்கும் எதை ஒழிக்கப் பாடுபட்டாரோ அதையே ஊன்றி வளர்த்த வயல் அது. அப்படியானால் தருமபுரிக் கம்பின் பூசணத்திலும் தலைவலிக்கு மருந்து கிடைக்குமே என்று கேட்கத் தோன்றும். கிடைக்காது. கம்பில் வளர்வது வேறு இனம். அதில் எர்காட்டமைன் இல்லை, வேறு வகை நஞ்சுகளே உள்ளன. 1975-இல் இராசத்தானத்துச் சிற்றூர்களில் பூசணம் கலந்த கம்பை உண்டவர்கள் வாந்தியும் தலைசுற்றலும் மிகுந்த உறக்கமும் கொண்டு வருந்தினர். ஆதலால் உப்புநீரில் மிதப்பதை எறிவதே அறிவுடைமை.

எர்காட்டமைன் வந்தபின் துன்பம் தீர்ந்ததா? தொடக்கத்தில் தீர்ந்தது போலத்தான் இருந்தது. மாதம் இருமுறை வலி வந்தவர் இருமுறை மருந்துண்டார், நலமடைந்தார். சிலரோ வலி வருமோ என்ற அச்சத்தினாலேயே முன்கூட்டி உண்ணத் தலைப்பட்டனர். வாரம் ஒருமுறை, பின்பு ஒன்றுவிட்டு ஒருநாள், பின்பு நாள்தோறும். மருந்து மிகுந்ததற்கேற்ப வலி நாட்களும் மிகுந்தன. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த பீட்டர்ஸ், ஹார்ட்டன் என்னும் மருத்துவர்கள் 1951-இல் இத்தகைய நோயாளரை ஆராய்ந்து, மிகுதியாக உண்ட எர்காட்டமைனே தலைவலியை நிலைக்கச் செய்தது என்று எடுத்துக்காட்டினர். மருந்தை நிறுத்தியபோது முதல் சில நாட்கள் வலி கடுமையாயிற்று, அதன்பின் குறைந்தது. நோயாளி தாமாகவே இதைக் கண்டுபிடித்தல் அரிது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வேளை விட்டால் வலிக்கிறது, உண்டால் தணிகிறது. மருந்தின்மீது அவருக்கு ஐயம் எப்படி வரும்?

இது எர்காட்டமைனோடு நின்றுவிடவில்லை. கடையில் சீட்டில்லாமல் வாங்கும் சாதாரண வலி மாத்திரைகளும் இதே தீங்கைச் செய்யும் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இன்று மருத்துவர்கள் கொண்டுள்ள எல்லை இது: ஏற்கெனவே தலைவலி நோய் உள்ளவர் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, எர்காட்டமைன் போன்றவற்றையும் கலவை மாத்திரைகளையும் 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதத்திற்கு மேல் உண்டு வந்தால், மருந்தே தலைவலிக்குக் காரணமாகக்கூடும். தேர்வுக் காலத்தில் உறக்கத்தையும் காலை உணவையும் விட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் விடாத மாணவர்கள் இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நன்று. உறக்கக் குறைவும் பசியும் வெயிலும் இந்நோயைத் தூண்டுவன. தூண்டுவதையும் செய்துகொண்டு தணிப்பதையும் உண்டால் கணக்கு எங்கே நேராகும்?

வலி வந்தபின் அடக்குவதை விட்டு, வராமலே தடுப்பது என்னும் வழி பெரும்பாலும் தற்செயலாகவே திறந்தது. 1966-இல் நெஞ்சுவலிக்காகப் புரோப்பிரனலால் உண்ட நோயாளர் சிலருக்கு ஒற்றைத் தலைவலியும் குறைந்ததை மருத்துவர்கள் கண்டனர். 1990-களின் தொடக்கத்தில் சுமாட்ரிப்டான் விற்பனைக்கு வந்தது. எர்காட்டமைனின் இடத்தைப் பெரும்பாலும் அது பிடித்துக்கொண்டது. இரத்தக் குழாய் மட்டுமே காரணம் என்ற பழைய கொள்கையும் தளர்ந்தது. முகத்திற்கும் மூளையுறைக்கும் செல்லும் நரம்பின் நுனியிலிருந்து வலி மிகும்போது சுரக்கும் ஒரு புரதத் துணுக்கைக் கோட்ஸ்பி, எட்வின்சன் முதலியோர் 1990-இல் சுட்டிக்காட்டினர். அதனைத் தடுக்கும் ஊசிமருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற 2018 ஆயிற்று.

அந்த ஊசியின் விலை பென்னாகரத்து உழவர் குடும்பத்திற்கு எட்டுவதன்று. புரோப்பிரனலாலோ மலிவான பழைய மாத்திரை. ஆஸ்துமா உள்ளவர்க்கு ஆகாது என்பதால் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போகும் நோயாளி, வலித்த நாட்களையும் மாத்திரை உண்ட நாட்களையும் மூன்று மாதக் காலத்திற்குக் காலண்டர்த் தாளில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு அது பேருதவியாகும். இடியிடித்தாற்போல் திடீரென்று வந்த வலியாயினும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், கைகால் தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் தாள் எழுதிக்கொண்டிராமல் அன்றைக்கே போக வேண்டும்.