பினாங்கு பிரீ ஸ்கூலும் அதன் தமிழ் வகுப்பும்

மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரு நாளிலிருந்தே தொடங்குகின்றனர். அது 1816ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள். பினாங்கில் ஆங்கிலத் திருச்சபையின் குருவாகப் பணியாற்றிய ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் என்பவர் அன்று தோற்றுவித்த பள்ளியே பினாங்கு பிரீ ஸ்கூல். அதன் தொடக்கக் காலத்தில் தமிழுக்கும் ஒரு வகுப்பு அங்கு அமைந்தது. இதனைக் கொண்டே 2016ஆம் ஆண்டில் தமிழ்க் கல்விக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததென்று நாடெங்கும் விழா எடுத்தனர். அதே ஆண்டில் அப்பள்ளியும் தன் இருநூறாம் ஆண்டு விழாவைக் கொண்டாடிற்று. விழா இரண்டாயினும் பிறந்த இடம் ஒன்றே. ஆங்கில வகுப்பு வளர்ந்து, தென்கிழக்காசியாவின் மிகப் பழைய ஆங்கிலப் பள்ளி என்னும் பெயரைப் பெற்றது. தமிழ் வகுப்போ சில ஆண்டுகளில் மறைந்துபோயிற்று. ஒரே கூரையின்கீழ்ப் பிறந்த இரண்டினுள் ஒன்று வாழவும் மற்றொன்று மாயவும் நேர்ந்தது எதனால் என்னும் வினா, தமிழாசிரியர்களும் மாணவர்களும் ஆராயத் தக்கதாகும்.

1816இல் பினாங்கு எவ்வாறிருந்தது என்பதை முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும். பிரான்சிஸ் லைட் 1786இல் தீவில் கால் வைத்து முப்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. 1805 முதல் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் தனி மாகாணமாக விளங்கிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சூலியா என்னும் பெயரால் அறியப்பட்டு, அத்தெருவுக்கே தம் பெயரைத் தந்திருந்தனர். அவர்களின் தலைவர் காதர் மொகிதீன் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அதற்கு முன்னரே தோன்றிவிட்டது. துறைமுகத்திலும் கடைகளிலும் சாலைப் பணியிலும் தமிழ் ஒலித்தது. பள்ளி முதலில் நடைபெற்ற லவ் லேன் என்னும் சிறு தெரு, ஒரு முனையில் ஆங்கிலேயர் வாழ்ந்த பார்குவார் தெருவையும் மறு முனையில் சூலியா தெருவையும் தொட்டு நிற்பது. அப்பள்ளி எந்த இரண்டு உலகங்களுக்கு இடையில் பிறந்தது என்பதைக் காட்ட இந்தத் தெருவைவிட நல்ல சான்று வேண்டா.

பள்ளியின் பெயரைத் தமிழில் 'இலவசப் பள்ளி' என்று எழுதுவோர் உளர். அது பாதி உண்மையே. ஏழைகளும் அநாதைகளும் கட்டணமின்றிப் படித்தனர். இயன்றவர்கள் கட்டணம் செலுத்தினர். பெயரில் உள்ள 'பிரீ' என்னும் சொல், இனம், சமயம், நிறம் என்னும் தடையின்றி எவர் பிள்ளையும் சேரலாம் என்பதையே சிறப்பாகக் குறித்தது. பிற சமயத்தார் மனம் நோகாதவாறு பள்ளியை நடத்த வேண்டும் என்னும் கருத்து நிறுவனர்களுக்கு இருந்தது. உள்ளூர் மக்களின் பிள்ளைகளுக்கு அவரவர் தாய்மொழியிலும் எழுத்தறிவு புகட்டுதல் நன்று என்றும் அவர்கள் எண்ணினர். அந்த எண்ணத்தின் விளைவே தமிழ் வகுப்பு. ஹட்சிங்ஸ் மலாய் மொழியை நன்கு கற்று, மலாய் விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணியிலும் ஈடுபட்டவர். தாய்மொழியின் அருமை அவருக்குத் தெரியாததன்று. 1827இல் பினாங்கிலேயே மறைந்த அவருடைய கல்லறை, பிரான்சிஸ் லைட் உறங்கும் அதே இடுகாட்டில் இன்றும் உள்ளது.

தமிழ் வகுப்பு ஏன் நிலைக்கவில்லை? மாணவர் வரவு குறைவு என்றும் ஆதரவு இல்லை என்றும் பொதுவாகக் கூறுவர். அவை காரணங்களின் வெளித் தோற்றங்களே. தமிழ் வகுப்பை முடித்த சிறுவன் அடுத்து எங்கே செல்வான்? அவனுக்கு மேல் வகுப்பு இல்லை; அவன் கற்றதை அளந்து சான்று தரத் தேர்வு இல்லை; அச்சான்றை ஏற்று வேலை தரும் அலுவலகமும் இல்லை. கம்பெனியின் எழுத்தர் நாற்காலி ஆங்கிலம் அறிந்தவனுக்கே உரியதாயிற்று. வணிகரோ தம் மக்களுக்கு வேண்டிய கணக்கையும் கடித வழக்கத்தையும் கடையிலேயே கற்பித்துக்கொண்டனர். படியில்லாத மாடி போன்றது அவ்வகுப்பு. தாய்மொழிப் பற்றின்மையே தமிழர் அவ்வகுப்பைக் கைவிட்டதற்குக் காரணம் என்று அக்காலத் தமிழரைக் குறை கூறுவது எளிது, நேர்மையன்று.

ஆங்கில வகுப்புக்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படிகள் ஒவ்வொன்றாக அமைந்தன. நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1872இல் பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் ஆண்டுதோறும் பள்ளிக்கு வந்து வாசித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய பிள்ளைகளைக் கணக்கிட்டு அரசாங்க மானியம் வழங்கப்பட்டது. தேறாதவனால் பள்ளிக்கு வருவாய் இல்லை! ஆசிரியர் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மனனம் பெருகிற்று, பாடப் புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிக்கும் திறம் கல்வி எனப்பட்டது. இன்றைய ஆசிரியர் தேர்ச்சி விழுக்காட்டுக்கு அஞ்சும் அச்சம் நூறாண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது என்பதை இதனால் அறியலாம்.

1885இல் ராணியின் உபகாரச் சம்பளத் திட்டம் ஏற்பட்டது. குடியேற்றங்களின் சிறந்த மாணவரைத் தேர்ந்தெடுத்து இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவதே அதன் நோக்கம். 1891 முதல் கேம்பிரிட்ஜ் தேர்வுகளும் இங்கு நடைபெறலாயின. கடலுக்கப்பால் அச்சிடப்பட்ட வினாத்தாள் கப்பலேறி வந்தது. எழுதிய விடைத்தாள் கப்பலேறிச் சென்றது. முடிவுக்காகத் திங்கள் கணக்கில் காத்திருந்தனர். அதே 1891இல் வில்லியம் ஹார்க்ரீவ்ஸ் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்றார். அவர் காலத்தில் பள்ளியின் பெயர் உபகாரச் சம்பளப் பட்டியலில் இடம்பெற்றது. சிங்கப்பூரின் ராபிள்ஸ் பள்ளியோடு போட்டியிட்டு வெல்வதே பினாங்குக்குப் பெருமை என்னும் உணர்வு எழுந்தது.

அந்தப் பெருமையின் உச்சம் 1896. பொற்கொல்லர் ஒருவரின் மகனான வூ லியன் தே, தம் பதினேழாம் அகவையில் அவ்வாண்டின் உபகாரச் சம்பளத்தை வென்று, கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரியில் மருத்துவம் பயிலச் சென்றார். 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் நோய் பரவி ஆயிரக்கணக்கானோர் மடிந்தபோது, சீன அரசு அவரையே ஹார்பின் நகருக்கு அனுப்பிற்று. அந்நோய் மூச்சுக் காற்றின்வழி பரவுகிறது என்பதை அவர் கண்டறிந்தார். பருத்தித் துணியாலும் பஞ்சாலும் ஆன முகக்கவசத்தை அணியுமாறு மருத்துவர்களை வற்புறுத்தினார்; உறைந்த நிலத்தில் புதைக்க இயலாமற் கிடந்த உடல்களை எரிப்பதற்கு அரச ஒப்புதல் பெற்றார். சில திங்களில் நோய் அடங்கிற்று. 2020இல் உலகமே முகக்கவசம் அணிந்தபோது அவர் பெயர் மீண்டும் பேசப்பட்டது. 1960இல் அவர் பினாங்கிலேயே காலமானார். பள்ளியின் இல்லங்களுள் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒருவர் வென்றார், அவரோடு படித்த பலர் என்ன ஆயினர்? இவ்வினா அக்காலத்திலேயே எழுந்தது. ஆண்டுக்கு ஓரிருவரை இங்கிலாந்துக்கு அனுப்புவதற்காகப் பள்ளிகள் தம் முழு ஆற்றலையும் செலவிடுகின்றன, ஏனைய மாணவர் புறக்கணிக்கப்படுகின்றனர் என்னும் குறை வலுத்தது. உபகாரச் சம்பளம் 1911இல் நிறுத்தப்பட்டது. 1920களில் மீண்டும் உயிர்பெற்றது. நிறுத்தப்பட்டதிலும் நியாயம் இருந்தது. மீண்டும் தொடங்கியதிலும் நியாயம் இருந்தது. எனினும், ஒரு பள்ளியின் மதிப்பை அதன் முதல் மாணவனைக் கொண்டு அளப்பதா, கடைசி மாணவனைக் கொண்டு அளப்பதா என்னும் வழக்கு அன்று தீரவில்லை.

ஹார்க்ரீவ்சுக்குப் பின் 1904இல் வந்த பின்ஹார்ன், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைமையாசிரியராக இருந்தார். பள்ளியின் மாணவ வாழ்க்கை இன்று நாம் அறியும் வடிவத்தைப் பெற்றது இக்காலத்தில்தான். அவருடைய ஆசிரியர்களுள் ஒருவரான சீஸ்மன் வகுப்பறைக்கு வெளியிலுள்ள கல்வியில் மிகுந்த ஈடுபாடு உடையவர். பிற்காலத்தில் மலாயாவின் கல்வித் துறையிலேயே உயர் பொறுப்பு வகித்தவர். மாணவரை இல்லங்களாகப் பிரித்துப் போட்டியிடச் செய்தல், நூலகம், சாரணர் இயக்கம், பள்ளி இதழ் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வேரூன்றின. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் யூரேசியரும் ஒரே இல்லத்தின் நிறத்தை அணிந்து ஓடினர். இந்த நாட்டில் பல இன மக்கள் தோளோடு தோள் நின்ற முதல் இடங்களுள் பள்ளித் திடலும் ஒன்று எனலாம். 1923இல் முன்னாள் மாணவர் சங்கம் தோன்றியது. பள்ளியை விட்டு நீங்கியவரும் தம்மை 'ஓல்ட் பிரீ' என்று வாழ்நாள் முழுதும் அழைத்துக்கொள்ளும் வழக்கம் இத்தகைய வாழ்க்கையால் விளைந்ததே அன்றி, தேர்வுப் பட்டியலால் விளைந்ததன்று.

பார்குவார் தெருவில் 1896இலும் அடுத்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலும் இரு பகுதிகளாக எழுந்த கட்டடம் விரைவில் இடம் போதாததாயிற்று. 1928இல் மேல் வகுப்புகள் கிரீன் லேனில் கட்டிய புதுப் பள்ளிக்குப் பெயர்ந்தன. பழைய கட்டடத்தின் ஒரு பாதி போர்க்காலக் குண்டுவீச்சில் அழிந்தது. எஞ்சிய பாதி பின்னர்ப் பினாங்கு மாநில அரும்பொருட் காட்சியகமாயிற்று. ஜப்பானியர் ஆட்சி பலருடைய படிப்பை இடையில் அறுத்தது. அவர்களுள் ஒருவர் பின்னாளில் மலாய்த் திரையுலகின் ஒப்பற்ற கலைஞராக விளங்கிய பி. ராம்லி. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமானும் இப்பள்ளியின் மாணவரே. தேர்வில் முதன்மை பெற்றதற்காக இவ்விருவரையும் எவரும் நினைவுகூர்வதில்லை என்பது சுவையானது.

இந்த நெடிய காலத்தில் தமிழ் எங்கே இருந்தது? பினாங்கு நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஆங்கிலப் பள்ளிகளில் பயின்றனர். எழுத்தராகவும் ஆசிரியராகவும் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆயினர். தமிழ்ப் பள்ளி வேறு இடத்தில், வேறு வகையில் மறுபிறப்பெடுத்தது. இரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் அதனை வலுப்படுத்திய 1923ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்தன. கொட்டகையிலும் கோயில் மண்டபத்திலும் நடந்த அப்பள்ளிகளில், கங்காணியும் கிராணியும் ஆசிரியரான கதைகள் உண்டு. நாடு விடுதலையடைந்த 1957இல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. எண்ணிக்கை பெரிது, மாடியோ அதே படியற்ற மாடி. ஆறாம் வகுப்போடு தமிழ்வழிக் கல்வி முடிந்தது. 1816இல் லவ் லேன் சிறுவனுக்கு நேர்ந்ததே தோட்டத்துச் சிறுவனுக்கும் நேர்ந்தது.

படியொன்று அமைந்தது 1950களிலும் 1960களிலுமே. ரசாக் அறிக்கை, ரகுமான் தாலிப் அறிக்கை, 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆகியன தமிழ்ப் பள்ளியைத் தேசியக் கல்வி முறையின் தொடக்கநிலையாக ஏற்றன. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்தவர், புகுமுக வகுப்பு என்னும் ஓராண்டுப் பாலத்தைக் கடந்து இடைநிலைப் பள்ளியில் நுழைந்தனர். 1965 முதல் நுழைவுத் தேர்வுத் தடையும் நீங்கிற்று. அந்த ஓராண்டைச் சிலர் வீணென்பர். வயதில் ஓராண்டு மூத்தவனாய், புதிய மொழியில் தடுமாறி, கடைசி வரிசையில் அமர்ந்த பிள்ளைகள் பட்ட நாணம் உண்மையே. ஆயினும், தோட்டத்திலிருந்து உயர்நிலைப் பள்ளியின் வாயிலுக்கு வந்த முதல் தலைமுறை அந்த வழியாகத்தான் வந்தது. 1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஆங்கிலப் பள்ளிகள் மலாய் மொழிக்கு மாறியபோது, பழம்புகழுடைய பள்ளிகளும் ஏனைய பள்ளிகளும் ஒரே பாடத்திட்டத்தில் இணைந்தன.

தமிழ், பயிற்றுமொழி என்னும் நிலையில் அன்றி, ஒரு பாடமாக இடைநிலைப் பள்ளிக்குள் வந்தது. ஐந்தாம் படிவத் தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் இன்று தேர்வுப் பாடங்கள். ஹட்சிங்சின் வகுப்பில் இல்லாத சான்றிதழ் இப்போது உண்டு. ஆயினும் பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு கால அட்டவணைக்குள் இடம்பெறுவதில்லை. மணியடித்து மற்றவர் வீடு திரும்பிய பின்னரோ, விடுமுறை நாளின் காலையிலோ அது நடைபெறுகிறது. பந்து விளையாட்டும் சீருடை இயக்கமும் அதே நேரத்தில் திடலில் நடக்க, மாணவன் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியவனாகிறான். தேர்வில் கூடுதல் பாடம் எடுத்தால் மொத்தப் புள்ளி கெடுமோ என்று அஞ்சும் பெற்றோரும் உளர். வகுப்பு அமையப் பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வெண்ணையே வைத்திருக்கிறது. ஆகவே, ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகளின் பெயர்களை வகுப்பு வகுப்பாகக் குறித்துக்கொண்டு, பதினைந்தாவது கையொப்பத்தைத் தேடி ஆசிரியர் ஒருவர் வீடு வீடாகச் செல்ல வேண்டியவராகிறார்.