மான்சல் தடம்

மான்சல் தடம் என்பது இங்கிலாந்தின் டார்பிசயர் கவுண்டியில், பீக் மாவட்டத் தேசியப் பூங்காவினுள் அமைந்துள்ள, மோட்டார் வண்டிகள் செல்லாத பொதுப் பாதையாகும். இதன் நீளம் ஏறத்தாழ 13.7 கிலோமீட்டர் (8.5 மைல்). இது வை ஆற்றின் சுண்ணாம்புக்கல் மலையிடுக்குகள் வழியாக, 1968-ஆம் ஆண்டு கைவிடப்பட்ட தொடர்வண்டிப் பாதையின் மேல் அமைக்கப்பட்டது. மேற்கே பக்ஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள பிளாக்வெல் மில் என்னுமிடத்தில் தொடங்கி, கிழக்கே பேக்வெல் நகரின் எல்லையில் முடிவடைகின்றது. மிதிவண்டி ஓட்டுவோர், நடப்போர், குதிரையில் செல்வோர், சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் ஆகிய அனைவரும் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

நிலவியல்

பீக் மாவட்டத்தின் நடுப்பகுதியும் தென்பகுதியும், அங்குள்ள பாறையின் வெளிர்நிறம் காரணமாக வெள்ளைப் பீக் என்று அழைக்கப்படுகின்றன. இப்பாறை கார்பனிஃபெரசுக் காலத்தில், அதாவது ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், ஆழமற்ற வெப்பமண்டலக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் ஆகும். கடல் உயிரினங்களின் ஓடுகளும் எலும்புக்கூடுகளும் படிந்து இறுகியதால் இது உருவானது. இடையிடையே எரிமலைக் குழம்பு உறைந்த அடுக்குகளும் காணப்படுகின்றன. தொடர்வண்டிக்காக வெட்டப்பட்ட பாறைச் சுவர்களில் இவ்வடுக்குகளை இன்றும் காணலாம்.

சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் மிகுதி. மழைநீர் அவற்றின் வழியே நிலத்தடிக்குச் சென்றுவிடுவதால் இங்குள்ள கிளைப் பள்ளத்தாக்குகள் பலவற்றில் நீரோட்டம் இல்லை. வை ஆறோ ஆண்டு முழுவதும் ஓடி, பாறையை அறுத்து, செங்குத்தான சுவர்களைக் கொண்ட குறுகிய இடுக்குகளை உருவாக்கியுள்ளது. இவ்வட்டாரத்தில் பள்ளத்தாக்கு டேல் எனப்படுகின்றது. சீ டேல், மில்லர்ஸ் டேல், மான்சல் டேல் ஆகியவை இந்த ஆற்றின் அடுத்தடுத்த பகுதிகளின் பெயர்களாகும்.

இந்நிலவமைப்பில் சாலைகள் மேட்டுநிலத்திலிருந்து ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் செங்குத்தாக இறங்கி, மறுபுறம் மீண்டும் ஏறுகின்றன. நீராவி எஞ்சினால் அத்தகைய ஏற்றங்களில் செல்ல இயலாது. ஆகவே தொடர்வண்டிப் பொறியாளர்கள் மலைச்சரிவில் சீரான மென்சாய்வு கொண்ட தளம் ஒன்றை வெட்டினர். ஆறு வளையும் இடங்களில் வளைவைப் பின்தொடராமல் பாறையைக் குடைந்தும், ஆற்றின் குறுக்கே பாலம் கட்டியும் சென்றனர். இன்று சாதாரண மிதிவண்டியில் ஒரு சிறுவன்கூட இம்மலையிடுக்கைக் கடக்க முடிவதற்கு இதுவே காரணமாகும்.

வரலாறு

தொடர்வண்டிப் பாதை

லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே தனக்கெனத் தனி வழி ஒன்றை அமைக்க மிட்லண்ட் தொடர்வண்டி நிறுவனம் விரும்பியது. தெற்கிலிருந்து வந்த பாதை 1849-ஆம் ஆண்டு ரோஸ்லி என்னும் ஊரை அடைந்தது. அங்கிருந்து டெர்வென்ட் ஆற்றை ஒட்டி, டெவன்சயர் கோமகனின் சாட்ஸ்வொர்த் நிலங்கள் வழியாகச் செல்லும் வாய்ப்பு கிட்டவில்லை. எனவே பாதை வை ஆற்றுப் பள்ளத்தாக்கிற்குத் திரும்பியது. அங்கும் ரட்லாந்து கோமகனின் ஹாடன் மாளிகை இருந்தது. மாளிகையிலிருந்து வண்டிகள் கண்ணில் படாதவாறு அதன் பின்புறம் ஒரு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான நீளமுடைய சுரங்கம் அமைக்கப்பட்டது. ரோஸ்லியிலிருந்து பக்ஸ்டன் வரையிலான பகுதி 1863-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1867-இல் மான்செஸ்டருக்கான இணைப்பு நிறைவுற்றது.

மான்சல் டேலில் ஆற்றின் குறுக்கே ஐந்து வளைவுகளைக் கொண்ட ஹெட்ஸ்டோன் பாலம் எழுப்பப்பட்டது. இது நடுப்பகுதியில் ஏறத்தாழ 21 மீட்டர் உயரமுடையது. எழுத்தாளரும் கலைத் திறனாய்வாளருமான ஜான் ரஸ்கின் 1871-ஆம் ஆண்டு இதனைக் கடுமையாகக் கண்டித்தார். பக்ஸ்டனில் இருப்பவர் அரை மணி நேரத்தில் பேக்வெல்லை அடைவதற்காக ஈடற்ற ஒரு பள்ளத்தாக்கு அழிக்கப்பட்டுவிட்டது என்பது அவர் வாதத்தின் சாரமாகும்.

மூடலும் மாற்றமும்

1968-ஆம் ஆண்டு இப்பகுதியில் தொடர்வண்டிகள் நிறுத்தப்பட்டுத் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. ரஸ்கின் வெறுத்த பாலம் 1970-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் அப்பாலம் பள்ளத்தாக்கின் அழகைக் கெடுத்த பொருள் என்ற நிலையிலிருந்து, அதன் அழகின் ஒரு பகுதி என்ற நிலையை அடைந்தது. இன்று மான்சல் ஹெட் மேட்டிலிருந்து தெரியும் இப்பாலக் காட்சி பீக் மாவட்டத்தில் மிகுதியாகப் படமெடுக்கப்படும் காட்சிகளுள் ஒன்றாகும்.

தேசியப் பூங்கா நிர்வாகம் பாதையின் நிலத்தைப் பெற்று, 1981-இல் தடமாகத் திறந்தது. ஆயினும் பாதுகாப்புக் காரணங்களால் நான்கு நீண்ட சுரங்கங்கள் அடைக்கப்பட்டிருந்தன. நடப்போர் ஒவ்வொரு சுரங்கத்தையும் சுற்றிச்செல்ல, படிகளும் செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளும் கொண்ட மாற்றுவழிகளைப் பயன்படுத்தினர். மிதிவண்டியோ சக்கர நாற்காலியோ அவ்வழியே செல்ல இயலாது. எனவே ஏறத்தாழ 30 ஆண்டுகள் இத்தடம் துண்டு துண்டாகவே இருந்தது.

ஏறத்தாழ 38 இலட்சம் பவுண்டு செலவில், ஐக்கிய இராச்சியப் போக்குவரத்துத் துறையின் நிதியுதவியுடன் சுரங்கங்கள் சீரமைக்கப்பட்டு விளக்குகள் பொருத்தப்பட்டன. 2011 மே மாதம் அவை திறக்கப்பட்ட பின்னரே மிதிவண்டியில் முழுத் தூரத்தையும் இறங்காமல் கடக்க முடிந்தது.

சுரங்கங்கள்

தடத்தில் ஆறு சுரங்கங்கள் உள்ளன. கிழக்கிலிருந்து மேற்காக அவற்றின் நீளங்கள் பின்வருமாறு:

ஹெட்ஸ்டோன் – 487 மீட்டர்
கிரெஸ்புரூக் – 431 மீட்டர்
லிட்டன் – 471 மீட்டர்
சீ டோர் முதலாம் சுரங்கம் – 367 மீட்டர்
சீ டோர் இரண்டாம் சுரங்கம் – 86 மீட்டர்
ரஷர் கட்டிங் – 111 மீட்டர்

இவற்றுள் கடைசி இரண்டும் குறுகியவை. 2011-இல் திறக்கப்பட்டவை முதல் நான்கு ஆகும். சுரங்க விளக்குகள் பகல் நேரத்தில் மட்டுமே எரிகின்றன. ஆதலால் மாலையில் செல்வோர் தம்முடன் விளக்கு வைத்திருத்தல் வேண்டும். கோடையிலும் உள்ளே குளிரும் ஈரமும் நிலவும்.

பாதையும் பயன்பாடும்

தடத்தின் மேற்பரப்பு இறுக்கப்பட்ட சரளையும் கல்தூளும் கொண்டது. அகன்ற சக்கரப்பட்டை கொண்ட சரளைப்பாதை மிதிவண்டி இதற்கு ஏற்றது. எனினும் சாதாரண மிதிவண்டியே போதுமானது. மேற்கு முனையிலிருந்து பேக்வெல் நோக்கி மென்மையான இறக்கம் உள்ளது. பலரும் பகிரும் பாதையாதலால், மிதிவண்டி ஓட்டுவோர் நடப்போருக்கும் குதிரைகளுக்கும் வழிவிட்டுச் செல்வது வழக்கமாகும்.

பேக்வெல், ஹாசப், கிரேட் லாங்ஸ்டோன், மில்லர்ஸ் டேல் ஆகிய பழைய நிலையங்களின் கட்டடங்கள் தடத்தின் ஓரத்தில் எஞ்சியுள்ளன. மில்லர்ஸ் டேலில் அருகருகே இரண்டு பெரும் பாலங்கள் உள்ளன. அவற்றுள் இரண்டாவது, போக்குவரத்து பெருகியதால் 1905-இல் கட்டப்பட்டது. அதற்கு அண்மையில் பெரிய சுண்ணாம்புக் காளவாய்களைக் காணலாம். மேற்கு முனையை அடுத்துச் சரக்குப் பாதை ஒன்று இன்றும் இயங்குகின்றது. கல்லகழ்விடங்களிலிருந்து கல் ஏற்றிச் செல்லும் வண்டிகள் அதில் ஓடுகின்றன.

பஞ்சாலைகள்

தொடர்வண்டி வருவதற்கு முன்னரே இப்பள்ளத்தாக்கில் தொழிற்சாலைகள் இருந்தன. ஆற்றின் விசையைப் பயன்படுத்தி லிட்டன், கிரெஸ்புரூக் ஆகிய இடங்களில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பஞ்சாலைகள் நிறுவப்பட்டன. ஊர்கள் தொலைவில் இருந்ததால், நகரங்களின் ஏழையர் இல்லங்களிலிருந்து ஆதரவற்ற சிறுவர்கள் வேலைப் பயிலுநர்களாகக் கொண்டுவரப்பட்டனர். லண்டனின் செயின்ட் பங்கிராஸ் ஏழையர் இல்லத்தில் வளர்ந்த ராபர்ட் பிளின்கோ அவர்களுள் ஒருவர். லிட்டன் ஆலையில் தானும் பிறரும் அடிபட்டதையும் பசியால் வாடியதையும் அவர் எடுத்துரைக்க, அது 1832-இல் நூலாக வெளிவந்து, குழந்தைத் தொழிலாளர் பற்றிய அக்கால விவாதத்தில் இடம்பெற்றது. இவ்விரு ஆலைகளும் தற்போது குடியிருப்புகளாக மாற்றப்பட்டுள்ளன. தடத்திலிருந்து காணும்போது அமைதியாகத் தோன்றும் இக்கட்டடங்களின் வரலாறு இதுவாகும்.

உயிரினங்கள்

சுண்ணாம்பு மண்ணில் வளரும் ஆர்க்கிட்டுகளும் காட்டுப் பூக்களும் தடத்தின் ஓரங்களிலும் பழைய கல்லகழ்விடங்களிலும் மிகுதி. மலையிடுக்கின் சரிவுகளில் ஆஷ் மரக் காடுகள் உள்ளன. 2012-இல் ஐக்கிய இராச்சியத்தில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் இம்மரங்களைப் பெருமளவில் அழித்து வருகின்றது. பாதையின் மீது விழக்கூடிய நோயுற்ற மரங்கள் வெட்டப்பட வேண்டியுள்ளதால், வருங்காலத்தில் இப்பள்ளத்தாக்கின் தோற்றம் மாறக்கூடும்.

ஏனைய தடங்கள்

வெள்ளைப் பீக் பகுதியில் இதே முறையில் உருவான வேறு தடங்களும் உள்ளன. ஆஷ்போர்ன் நகரிலிருந்து பார்ஸ்லி ஹே வரை செல்லும் டிசிங்டன் தடம் (ஏறத்தாழ 21 கி.மீ.) 1971-இல் திறக்கப்பட்டது. பார்ஸ்லி ஹேயில் அதனுடன் இணையும் ஹை பீக் தடம், 1830-களின் தொடக்கத்தில் முழுமையாகத் திறக்கப்பட்ட பழமையான தொடர்வண்டிப் பாதையின் மேல் செல்கின்றது. அருகிலுள்ள மானிஃபோல்டு பள்ளத்தாக்குத் தடம், 1904 முதல் 1934 வரை இயங்கிய குறுகிய பாதையின் மேல் அமைந்தது. அப்பாதையின் பொறியாளர் எவரார்டு கால்த்ராப், இந்தியாவின் மகாராட்டிரப் பகுதியில் பார்சி இலகு தொடர்வண்டிப் பாதையை அமைத்தவர் ஆவார்.

எதிர்காலம் பற்றிய விவாதம்

லண்டன்–மான்செஸ்டர் வழியை மீண்டும் தொடர்வண்டிக்குத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகின்றது. சாலை நெரிசல் குறையும், தேசியப் பூங்காவிற்கு மகிழுந்து இன்றி வர இயலும் என்பன ஆதரவாளர்களின் வாதங்களாகும். சுரங்கங்களும் பாலங்களும் மீண்டும் தொடர்வண்டிக்குச் சென்றால், சமதளமான இவ்வழிக்கு ஈடான மாற்றுவழியை மலையிடுக்கில் அமைப்பது இயலாது என்று எதிர்ப்போர் கூறுகின்றனர். நடக்க இயலாதோரும் சிறுவர்களும் அச்சமின்றி இப்பள்ளத்தாக்கினுள் செல்ல இத்தடமே வழி என்பதும் அவர்களின் வாதமாகும்.

மறுபுறம், மான்சல் தடத்தையும் ஹை பீக் தடத்தையும் பக்ஸ்டன், பேக்வெல், மேட்லாக் நகரங்களுடன் ஒரே சுற்றுப்பாதையாக இணைக்கும் திட்டமும் உள்ளது. ஹாடன் மாளிகைக்குப் பின்னால் உள்ள பழைய சுரங்கம் பொதுப் பயன்பாட்டிற்குத் திறக்கப்படவில்லை. இதனால் பேக்வெல்லுக்குத் தெற்கே தடம் தொடரவில்லை.

மேலும் பார்க்க: பீக் மாவட்டத் தேசியப் பூங்கா, ஜான் ரஸ்கின், சுண்ணாம்புக்கல், மிதிவண்டி