பாறசாலையிலிருந்து வலியசாலைக்கு: ஒரு பெண்ணின் வழிநடை

திருவனந்தபுரத்தின் தென்பகுதியில் நடப்போர் ஒரு சொல்லை மீண்டும் மீண்டும் கேட்பர். சாலைக் கடைத்தெரு, ஆரியசாலை, வலியசாலை, இன்னும் தெற்கே சென்றால் பாறசாலை. இன்றைய தமிழில் சாலை என்பது வண்டி ஓடும் வழி. பழைய வழக்கில் அது கற்குமிடம், உண்ணுமிடம், அறம் நிகழுமிடம். இவ்விரு பொருள்களுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் இந்நகரத்தின் வரலாறு எப்படித் தோன்றும் என்ற வினாவே இப்பதிவுக்குக் காரணம்.

வலியசாலை மகாதேவர் கோயிலைக் காந்தளூர்ச் சாலையோடு இணைத்துப் பேசுவது ஆய்வுலகில் நீண்டகால வழக்கம். முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே காந்தளூர்ச் சாலையில் கலமறுத்ததைத் தன் பெருமையாகக் கல்லில் வெட்டச் செய்தான். ‘கலம்’ என்பது மரக்கலமா, உண்கலமா என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறிஞர் வாதிட்டு வருகின்றனர். அவ்வாதத்தில் நான் இப்போது நுழையவில்லை. சாலைக்குள் நாளும் என்ன நடந்தது என்பதே என் அக்கறை. அதற்குச் சான்றாக நிற்பது ஆய் மன்னன் கருநந்தடக்கன் வெளியிட்ட பார்த்திவசேகரபுரச் செப்பேடு. கி.பி. 866-ஐச் சேர்ந்த அச்செப்பேடு, காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கு ஒரு சாலை நிறுவப்பட்டதைக் கூறுகிறது. பவிழிய சரணத்தார்க்கு 45 இடங்கள், தைத்திரீயர்க்கு 36, தலவகாரர்க்கு 14 என்று பங்கீடு உண்டு. ஒருவரையொருவர் இழித்துப் பேசினால் தண்டம், ஆயுதத்தோடு அவைக்கு வரத் தடை என ஒழுங்குவிதிகளும் உண்டு. மாணவன் எப்படி உண்டான், எப்படி நடந்துகொண்டான் என்பதை ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மால் ஓரளவு வரைந்துகாட்ட இயலும். பெண்ணோ அவ்வேட்டில் மடத்தினுள் வைத்திருக்கலாகாத பணிமகளாக மட்டுமே தலைகாட்டுகிறாள். கற்றவர் பட்டியலில் அவள் இல்லை, விலக்குப் பட்டியலில் இருக்கிறாள்.

பிற்காலத் திருவிதாங்கூரில் வலியசாலை தமிழ்ப் பிராமணர் வாழும் அக்கிரகாரமாயிற்று. கோயிலை நோக்கி ஓடும் நீண்ட தெரு, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒரு பக்கம் கிள்ளியாறு, மறுபக்கம் திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான சாலைக் கடைத்தெரு. ஆடவரின் நாள் கோயில், ஊட்டுப்புரை, கச்சேரி உத்தியோகம் என்று தெருவைத் தாண்டி விரிந்தது. பெண்ணின் நாள் வாசற்கோலத்தில் தொடங்கி, அடுக்களையில் நீண்டு, மாலைக் கோயில் வலத்தில் முடிந்தது. மகிழ்ச்சிகள் இல்லாமல் இல்லை. பல்லாங்குழி, பூத்தொடுத்தல், திண்ணைப் பேச்சு, மார்கழிக் கோலம், புரட்டாசிக் கொலு. இவற்றுள் பாட்டுக்குத் தனியிடம் இருந்தது. வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாதவள்கூடப் பாடலாம். அவள் குரல் மட்டும் வாசலைத் தாண்டும்.

ஆண்டுக்கொருமுறை இத்தெருவின் அருகே ஒரு பெண் நெடும்பயணம் செய்து வந்து சேர்வாள். அவள் பத்மநாபபுரத்துச் சரசுவதி. சுவாதித் திருநாள் காலந்தொட்டு, நவராத்திரிக்கு முன்னர் தேவி யானை மீதேறிப் புறப்படுகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னூற்று நங்கையும் உடன் வருகின்றனர். குழித்துறை, களியிக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, கரமனை வழியாக ஊர்வலம் கோட்டையை அடைகிறது. குமாரசுவாமி தங்குவது வலியசாலையை ஒட்டிய ஆரியசாலையில். நங்கை தங்குவது செந்திட்டையில். சரசுவதி அமர்வது கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில். கம்பர் வழிபட்ட திருவுருவம் அது என்பது மரபு. கல்விக்குரிய தெய்வம் சுமார் அறுபது கிலோமீட்டர் வழியை ஆண்டுதோறும் கடந்து வந்தபோது, அவளைக் காணத் தெருமுனையில் நின்ற சிறுமியர் பலருக்குப் பள்ளிக்கூடம் என்பதே எட்டாத தொலைவில் இருந்தது.

அத்தொலைவு மெல்லக் குறைந்தது. 1860-களில் அகஸ்டா பிளாண்ட்ஃபோர்டு என்னும் ஆங்கிலப் பெண்மணி கோட்டைக்குள் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அரசின் பெண்கள் பள்ளியும் அக்காலத்ததே. இருப்பினும் கதவு முழுதாகத் திறந்துவிடவில்லை. பிற்காலத்தில் புகழ்பெற்ற மருத்துவரான மேரி புன்னன் லூக்கோஸ், மகாராஜா கல்லூரியில் அறிவியல் படிக்க விரும்பியபோது பெண் என்ற காரணத்தால் இடம் மறுக்கப்பட்டார். வரலாறு பயின்று 1909-இல் பட்டம் பெற்றார். மருத்துவம் படிக்கக் கடல்கடந்து இலண்டன் சென்று, 1916-இல் திரும்பித் தைக்காட்டு மகளிர் மருத்துவமனையில் பணியேற்றார். வலியசாலையிலிருந்து தைக்காட்டுக்கு நடந்தே போய்விடலாம். அச்சிறு தொலைவில் கிட்டாத படிப்புக்காக அவர் இலண்டன் வரை போகவேண்டியிருந்தது.

இங்கே ஒரு கணம் நிற்கவேண்டும். ‘பெண்’ என்று பொதுவாகப் பேசினால் வரலாறு பொய்த்துப்போகும். பாறசாலையிலிருந்து கரமனை வழியாகத் தலைநகர் செல்லும் பெருவழியும் அதன் கிளைகளும் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றாக இருந்ததில்லை. 1893-இல் வெங்ஙானூர் அய்யன்காளி வில்லுவண்டி கட்டிப் பொதுவழியில் சென்றதே ஒரு போராட்டமாக இருந்த நாடு இது. 1910-களில் அவர் பஞ்சமி என்னும் புலையர் சிறுமியை நெய்யாற்றின்கரைப் பகுதியிலுள்ள ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். சிறுமி பெஞ்சில் அமர்ந்தாள், பள்ளி தீக்கிரையாக்கப்பட்டது. இன்று அப்பள்ளி அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. அக்கிரகாரப் பெண்ணைத் தடுத்தது அவள் வீட்டு வாசற்படி. பஞ்சமியைத் தடுத்தது வழி முழுதும். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டே பின்வரும் வாழ்க்கையைப் படிக்க வேண்டுகிறேன்.

பாறசாலை பொன்னம்மாள் 1924 நவம்பரில் பாறசாலையில் ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். சரசுவதியின் ஊர்வலம் கடந்து செல்லும் ஊர் அது. சிறுவயதிலேயே இசை பயின்றார். அவர் வளர்ந்த ஆண்டுகளில் பெருவழியும் மாறிக்கொண்டிருந்தது. 1931-இல் ரயில் தம்பானூர் வரை வந்தது. 1936 நவம்பரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியாயிற்று. 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசின் பேருந்துப் போக்குவரத்து தொடங்கியபோது, தலைநகரையும் கன்னியாகுமரியையும் இணைத்த இந்தத் தென்வழியே அதன் முதல் தடமாயிற்று. அடுத்த ஆண்டே, 1939-இல், சித்திரைத் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் இசைக் கழகத்தை நிறுவினார். அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதன் முதல் முதல்வர்; அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர்.

அக்கழகத்தில் சேர்ந்த முதல் மாணவி பொன்னம்மாள். கானபூஷணம் தேர்வில் முதலிடம் பெற்றார். 1942-இல், பதினெட்டு வயதளவில், காட்டன்ஹில் பெண்கள் பள்ளியில் இசையாசிரியையாகப் பணியமர்ந்தார். பின்னர் தாம் பயின்ற இசைக் கழகத்திலேயே முதல் பெண் ஆசிரியரானார். அதன் பின் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல் பெண் முதல்வரானார். பாபநாசம் சிவனிடமும் பாடம் கேட்டவர். நெய்யாற்றின்கரை வாசுதேவன் அவருடைய மாணவர்.

‘முதல் பெண்’ என்ற அடைமொழி மும்முறை வருவதைக் கவனிக்கலாம். பாராட்டுரைகளில் அது அணியாகப் பயன்படுகிறது. வரலாற்று மாணவர் அதை வேறுவிதமாகவும் வாசிக்க வேண்டும். வகுப்பறையில் தனியொரு மாணவியாக அமர்வது, ஆசிரியர் அறையில் தனியொரு பெண்ணாக அமர்வது, அலுவலக நாற்காலியில் தனியொரு பெண்ணாக அமர்வது என்பதே அச்சொல்லின் அன்றாடப் பொருள். சாதனை ஒரு நாளில் நிகழ்ந்துவிடுகிறது. அத்தனிமை நாள்தோறும் நிகழ்வது. காலையில் சாதகம், பின் பள்ளிக்குப் பயணம், ஸ்வரமும் கீதமும் வர்ணமும் கற்பித்தல், வீடு திரும்பல் என்பதே இசையாசிரியையின் நாள். இதில் புரட்சி என்று சொல்லத்தக்க எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் செப்பேட்டின் 95 சட்டர்களுக்கும் இப்பெண்ணுக்கும் இடையே கடந்துபோன தொலைவை எண்ணிப்பார்த்தால், அவ்வழக்கமான நாளே வரலாற்று நிகழ்ச்சி. கற்பதற்காக வீட்டை விட்டு வெளியேறுதல், கற்பித்து ஊதியம் பெறுதல், அதில் மகிழ்தல் ஆகிய மூன்றும் அதற்குள் அடங்கியிருந்தன.

ஒரு கதவு மட்டும் மூடியே இருந்தது. அது நவராத்திரி மண்டபத்தின் கதவு. பாறசாலை வழியே வந்த அதே சரசுவதியின் திருமுன், ஒன்பது மாலைகளிலும் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள் நாளுக்கொன்றாகப் பாடப்படுகின்றன. சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஆரபி என இராக வரிசை மாறுவதில்லை. பாடுவோர் ஆடவராகவே இருக்கவேண்டும் என்ற வழக்கமும் மாறாமல் இருந்தது. கல்வித்தெய்வம் பெண், அவளுக்குக் கச்சேரி செய்யப் பெண்ணுக்கு இடமில்லை. இக்கீர்த்தனைகளைப் பல தலைமுறை மாணவர்க்குக் கற்பிக்கும் தகுதி பெற்ற ஆசிரியை, அவற்றுக்குரிய மேடையில் அமர இயலாதிருந்தார்.

2006-இல் அவ்வழக்கம் முறிந்தது. தம் எண்பத்தொன்றாம் வயதில் பொன்னம்மாள் நவராத்திரி மண்டபத்தில் அமர்ந்து பாடினார். அம்மண்டபத்தில் பாடிய முதல் பெண் அவரே. வலியசாலையிலிருந்து கோட்டைக்குச் சாலைக் கடைத்தெரு வழியே நடந்தால் அரைமணி நேரம் ஆகாது. இசைக் கழகத்தில் முதல் மாணவியாகச் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால், அவ்வழியைக் கடக்க அவருக்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு அணித்தான காலம் ஆயிற்று. 2017-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2021 ஜூன் 22-ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில், வலியசாலையிலுள்ள தம் இல்லத்தில் மறைந்தார்.

இவ்வாழ்க்கையை நாம் எப்படி மதிப்பிட வேண்டும்? 2006-ஐ மட்டும் நினைவிற்கொண்டால், ஒரு மூதாட்டிக்கு வழங்கப்பட்ட சலுகை என்று அது சுருங்கிவிடும். கதவைத் திறந்தோரின் பெருந்தன்மையே பேசுபொருளாகிவிடும். மாறாக 1940-களின் இளம்பெண்ணிலிருந்து தொடங்கினால் வேறொரு காட்சி தெரிகிறது. அவர் குரல் முதிர்ந்த, மூச்சு நீண்ட, உடல் ஒத்துழைத்த ஆண்டுகள் முழுதும் அம்மண்டபம் அவரின்றியே நவராத்திரி கொண்டாடியது. இழப்பு அவருக்கு மட்டுமன்று, கேட்டிருக்கவேண்டியவர்களுக்கும் உரியது. எண்பத்தொரு வயதுக் குரல் நமக்குக் கிடைத்தது. முப்பது வயதுக் குரல் அம்மண்டபத்துச் சுவர்களுக்குக் கிடைக்கவில்லை. தாமதமான நீதியைக் கொண்டாடும்போது தாமதத்தின் விலையையும் கணக்கில் எழுதுவதே வரலாற்றாசிரியரின் கடமை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அக்கதவு பெண்ணுக்காகத் திறந்தபோது முதலில் நுழைந்தவர் தலைமுறைகளாக இசைப்பயிற்சி கிட்டிய சமூகத்திலிருந்து வந்தவர் என்பது தற்செயலன்று. பஞ்சமியின் தலைமுறைக்குப் பெஞ்சே தொடக்கமாக இருந்தபோது, பொன்னம்மாளின் தலைமுறைக்குத் தம்பூரா வீட்டிலேயே இருந்தது. ஒருவரின் போராட்டம் மற்றவருடையதைச் சிறிதாக்குவதில்லை. ஆனால் இரண்டையும் ஒரே ‘பெண் முன்னேற்றம்’ என்ற தலைப்பில் அடைத்துவிட்டால் இரண்டுமே நமக்குப் புரியாமற்போகும்.

மாசித் திங்களில், ஆற்றுக்கால் பொங்காலை நாளன்று, இப்பகுதிக்கு வருவோர் ஒரு காட்சியைக் காணலாம். கிள்ளியாற்றங்கரைக் கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தூரம் தெருக்களெல்லாம் செங்கல் அடுப்புகள். அடுப்புதோறும் ஒரு பெண். வண்டிகள் நின்றுவிடும், வழி அடுக்களையாகிவிடும். அரிசியும் வெல்லமும் தேங்காயும் கலத்தில் கொதிக்கும். அன்று ஒரு நாள், சாலை என்ற சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் ஒன்றாகின்றன. அச்சாலையில் கலம் வைப்பவர் பெண்கள்.

அந்த ஒரு நாளைப் பற்றி எழுதுவோர் பலர். மறுநாள் காலை அதே பெண்கள் பேருந்தேறி வேலைக்கும் வகுப்புக்கும் செல்வதைப் பற்றி எழுதுவோர் குறைவு. இத்துறையில் ஆய்வு மேற்கொள்ள விரும்பும் மாணவர்கள் கல்வெட்டையும் அரசாணையையும் படிப்பதோடு, தத்தம் வீட்டு மூத்த பெண்களிடம் ஒரு சாதாரண நாளைப் பற்றிக் கேட்டு எழுதிவைக்க வேண்டுகிறேன். எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எந்த வழியே நடந்தார்கள், யாருடன் சென்றார்கள், எதைப் பாடினார்கள் என்பனவே போதும். 95 சட்டர்களின் நாளை ஒரு மன்னன் செப்பேட்டில் எழுதுவித்தான். இவர்களின் நாளை நாம்தான் எழுதியாக வேண்டும்.