ஓடுதளத்தைச் சுமந்து சென்ற விமானம்

பழைய கருவிகளைப் பேணுவோரிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. ஒரு கருவியை அது பிறந்த வடிவிலேயே காப்பது முறையா, அல்லது அது தொடர்ந்து உழைக்கும்பொருட்டுக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்டே போவது முறையா? சிறுவிமானங்களின் உலகில் இந்த வழக்கு பெரும்பாலும் டயரில் வந்து நிற்கிறது. அருங்காட்சியகத்தில் நிற்கும் மஞ்சள் நிறப் பைப்பர் கப் விமானத்தின் சக்கரங்கள் சிறியவை, அடக்கமானவை. அதே குடும்பத்தைச் சேர்ந்த விமானம் அலாஸ்காவில் நிற்கும்போதோ, டிராக்டரிடம் இரவல் வாங்கியதுபோன்ற பருத்த டயர்களைப் பூட்டிக்கொண்டு நிற்கிறது. முதன்முறை காண்பவருக்குச் சிரிப்புதான் வரும். அந்தத் டயர்களின் கதையை அறிந்தபின் அவ்வளவு எளிதில் சிரிக்க இயலாது.

கப் விமானம் பொருளாதாரப் பெருமந்தத்தின் குழந்தை. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் சி. ஜி. டெய்லர் அதன் முதல் வடிவத்தை உருவாக்கிக்கொண்டிருந்த 1930-இல் அவரது நிறுவனம் திவாலாயிற்று. எண்ணெய்த் தொழிலில் இருந்த வில்லியம் பைப்பர் அதன் சொத்துகளை வெறும் 761 டாலருக்கு வாங்கினார். 1937-இல் தொழிற்சாலை எரிந்துபோக, லாக் ஹேவன் நகரில் கைவிடப்பட்டிருந்த ஒரு பட்டாலைக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கிருந்து வந்ததுதான் புகழ்பெற்ற ஜே-3. எஃகுக் குழாய்ச் சட்டகம், அதன்மேல் போர்த்திய துணி, பிற்காலத்தில் 65 குதிரைத்திறன் எஞ்சின், 350 கிலோவுக்குச் சற்றுக் குறைவான வெற்றெடை. 1947-இல் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ இருபதாயிரம் விமானங்கள் வெளிவந்திருந்தன.

அருங்காட்சியகத்தில் அடக்கமாகத் தோன்றும் அதன் டயரைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். அளவு 8.00-4: எட்டு அங்குலத் தடிமன், நடுவில் நான்கே அங்குல உலோக வட்டம், மொத்த விட்டம் ஏறத்தாழ 18 அங்குலம். ஆக, அந்தச் சக்கரத்தில் பெரும்பகுதி காற்றுதான். விமானங்களின் தொடக்ககாலச் சக்கரங்கள் மிதிவண்டிச் சக்கரங்களை ஒத்திருந்தன. ஒல்லியானவை, அழுத்தம் மிகுந்தவை. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குட்இயர் நிறுவனம் 'ஏர்வீல்' என்ற பெயரில் குறைந்த அழுத்தமுள்ள பலூன் டயர்களைக் கொண்டுவந்தது. அந்நாளைய சிறு விமானநிலையங்கள் பலவும் புல்வெளிகளே என்பதால் இம்மாற்றத்துக்குப் பொருள் இருந்தது. ஆகவே நாம் 'அசல்' என்று போற்றும் கப் டயரே தன் காலத்தில் ஒரு பருத்த டயர்தான்.

இந்த எண்ணம் தன் முழு வளர்ச்சியை எட்டியது அலாஸ்காவில். 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்நிலத்தில் பெரும்பாலான ஊர்களுக்கு இன்றும் சாலை கிடையாது. 1924 பிப்ரவரியில் கார்ல் பென் ஐல்சன் ஃபேர்பேங்க்ஸிலிருந்து மக்ராத்துக்குத் தபாலை விமானத்தில் கொண்டுசென்றார். நாய்வண்டிகள் வாரக்கணக்கில் கடந்த தொலைவை ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் கடந்துவிட்டார். ஆனால் திரும்பிவந்து இருட்டில் இறங்கும்போது விமானம் சேதமடைந்தது. அலாஸ்கா விமானிகளின் பிற்கால வரலாறு முழுவதற்கும் இது ஒரு முன்குறிப்பு எனலாம். பறப்பதைக் காட்டிலும் இறங்குவதே அங்கே பெரும்பாடு. பனிக்காலத்தில் சறுக்குப்பட்டைகள் உதவின. ஏரிகளில் மிதவைகள் உதவின. கோடையில் ஆற்றுநடுவே தலைகாட்டும் கூழாங்கல் திட்டுகளுக்கும், ஈரம் ஊறிய தூந்திர வெளிகளுக்கும் சக்கரம்தான் வேண்டும். சாதாரணச் சக்கரமோ போதாது.

1949-இல் வந்த சூப்பர் கப், பின்னர் 150 குதிரைத்திறன் எஞ்சினைப் பெற்றதும், அவ்விமானிகளின் கைக்கருவியாகிவிட்டது. அதில் 26, 29, 31, ஏன் 35 அங்குல டயர்கள்வரை பூட்டப்பட்டன. இதிலுள்ள கணக்கு எளிது. டயர் தரைக்குத் தரும் அழுத்தம் ஏறத்தாழ அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தமே. காற்றைக் குறைத்தால் டயர் பரந்து படிந்து எடையைப் பகிர்ந்துகொள்ளும்; சேற்றில் அமிழாது. தடையைத் தாண்டுவதும் அப்படியே. ஆறு அங்குல உயரக் கல்லின்மேல் ஒரு கெட்டிச் சக்கரத்தை ஏற்ற வேண்டுமெனில், 18 அங்குலச் சக்கரத்துக்குத் தேவைப்படும் உந்துவிசையில் பாதிக்கும் குறைவே 31 அங்குலச் சக்கரத்துக்குப் போதும். ரப்பர் வளைந்துகொடுப்பதால் கிடைக்கும் ஆதாயம் வேறு. நல்ல தரை இல்லாத இடத்துக்கு விமானம் தன் ஓடுதளத்தைத் தானே சுமந்துகொண்டு போயிற்று.

சுமப்பதற்கு விலையும் உண்டு. எடை கூடுகிறது; காற்றுத்தடையால் வேகம் சில மைல் குறைகிறது. வால்சக்கர விமானமாதலால் மூக்கு மேலும் நிமிர்ந்து, தரையில் ஓடும்போது முன்பார்வை மறைகிறது. சக்கரத்தின் ஆரம் கூடக்கூடப் பழைய பிரேக்கின் பிடி தளர்கிறது. மறுபுறம், புரொபெல்லர் கற்களுக்கு எட்டாத உயரம் பெறுகிறது. இறக்கை கூடுதல் கோணத்தில் நின்று மெதுவாக இறங்க வழி கிடைக்கிறது. ஒரு டயரை மாற்றினால் விமானமே மாறிவிடுகிறது. அதனால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஒப்புதலும், விமானத்தின் ஆவணங்களில் பதிவும் இன்றி இம்மாற்றத்தைச் செய்யக்கூடாது என்பது விதி.

1990களின் நடுவில் இதில் ஓர் ஐயம் எழுந்தது. தாழப் பறந்து வட்டமிடும்போது விமானங்கள் சட்டென்று தூக்குவிசை இழந்து விழுந்த விபத்துகளில் இந்தப் பெருந்டயர்களுக்கும் பங்குண்டோ என்று கேட்டார்கள். சூப்பர் கப்பில் பறந்து சோதித்தபோது டயர்களால் பெரிய மாறுதல் ஏதும் தென்படவில்லை. கீழே நிற்கும் மூஸ் மானைப் பார்த்தபடி வேகத்தைக் கவனிக்க மறந்த மனிதக் கண் மீதே பழி திரும்பியது. எங்கும் இறங்கலாம் என்ற துணிவை டயர் தருகிறது. எங்கே இறங்கக்கூடாது என்ற விவேகத்தை அது தருவதில்லை.

அந்த விவேகத்தைச் சில இடங்களில் சட்டம் தர முயன்றிருக்கிறது. அலாஸ்காவில் விமானத்தில் பறந்த அன்றே பெரும்பாலான பெருவிலங்குகளை வேட்டையாடலாகாது. இடையில் ஓர் இரவு கழிய வேண்டும். எட்டாத இடமெல்லாம் எட்டிவிட்ட பிறகு, அந்நிலத்துக்கும் அதன் உயிர்களுக்கும் மனிதன் தந்த சிறு அவகாசம் அது. டயர் அழித்த தூரத்தில் ஓர் இரவையேனும் சட்டம் மீட்டுக் கொடுத்திருக்கிறது.

இனி அந்தப் பழைய வழக்குக்குத் திரும்பலாம். சிறிய டயருடன் அருங்காட்சியகத்தில் நிற்கும் கப் தன் வடிவத்துக்கு உண்மையாக இருக்கிறது. அவ்வடிவம் காக்கப்பட வேண்டியதே. அது இல்லாவிட்டால் எங்கே தொடங்கினோம் என்பதே மறந்துவிடும். ஆற்றுத்திட்டில் பருத்த டயருடன் குலுங்கி இறங்கும் கப், 1930களில் ஒல்லிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பலூன் டயரைப் பூட்டிய அந்த எண்ணத்துக்கு உண்மையாக இருக்கிறது. இரண்டில் எது அசல் என்று கேட்டால், இரண்டாவதன் பக்கமே என் மனம் சாய்கிறது. துணியும் குழாயும் எஞ்சினும் பலமுறை மாற்றப்பட்ட பின்னும் அது இன்னும் மோசமான தரையைத் தேடிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.