களரியிலிருந்து தெருவுக்கு வந்த சொற்கள்

மலையாளச் செய்தித்தாள்களுக்குத் தேர்தல் என்றால் ‘அங்கம்’. வேட்பாளர் ‘கச்சகெட்டி’ இறங்குவார். அணி மாறினால் அது ‘சுவடுமாற்றம்’. தோல்வி நெருங்கினால் ‘பதினெட்டு அடவும்’ பயற்றிப் பார்ப்பார். அதுவும் பலிக்காவிட்டால் ‘பூழிக்கடகன்’, அதாவது காலால் புழுதியைக் கிளப்பி எதிராளியின் கண்ணை மறைக்கும் கடைசி உபாயம். களரிக்குள் கால் வைத்திராத வாசகருக்கும் இவை எளிதில் விளங்கும். ஒரு போர்க்கலை அன்றாட வாழ்வுக்குள் புகுந்ததற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை. ஆனால் புகுந்தவை எந்தப் பாடங்கள் என்று கேட்டால், விடை சற்றுச் சங்கடமானது.

வடக்கன் களரியில் பயிற்சி நான்கு படிகளாக அமைகிறது. மெய்த்தாரியில் உடல் மட்டுமே, கோல்த்தாரியில் மரக்கருவிகள், அங்கத்தாரியில் வாளும் பரிசையும் உறுமியும், எல்லாவற்றுக்கும் பின்னரே வெறுங்கை. ஆயுதத்தின் இயல்பை அறியாதவர் ஆயுதமின்றி அதை எதிர்கொள்ள இயலாது என்பதே இவ்வரிசையின் தர்க்கம். மெய்த்தாரியில் குருக்கள் வாய்த்தாரி சொல்வார். எடுத்தல், வைத்தல், திரும்புதல், அமர்தல் என வினைகள் ஒரே தொடராகக் கோக்கப்பட்டு வரும். மாணவரின் உடல் அத்தொடரோடு நகர வேண்டும். முந்தினாலும் பிழை, பிந்தினாலும் பிழை. தாக்குவதற்கு முன் அங்கே கற்பிக்கப்படுவது கேட்பதற்கே. உடல் முழுவதும் கண்ணாக வேண்டும் என்னும் களரி வழக்கு வெகு பின்னரே பொருள்படும்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரில் இருந்த போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா, நாயர் சிறுவர்கள் ஏழு வயதில் இத்தகைய பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டதைக் குறிப்பிடுகிறார். (தீயர் குலத்துச் சேகவரும் முஸ்லிம்களும் பயின்ற கலை இது என்பதைப் பலர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.) பழசி ராஜாவின் கிளர்ச்சிக் காலத்தில், 1804இல், ஆயுதம் வைத்திருப்போருக்கு எதிராகக் கம்பெனி ஆட்சி கடுமையான ஆணைகளைப் பிறப்பித்தது. 1805இல் பழசி வீழ்ந்தார். களரிகள் சுருங்கின, ஆனால் அழியவில்லை. வாளைப் பறிக்கலாம், எண்ணெய் தேய்த்து உழியும் கையை, எலும்பு கட்டும் அறிவை, அமரவும் நிமிரவும் பழகிய முதுகெலும்பைப் பறிப்பது எளிதன்று. கதகளி மாணவரின் உடற்பயிற்சியிலும் உழிச்சிலிலும் அதே மரபின் தடம் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவருடைய மாணவர் சி.வி. நாராயணன் நாயரும் தலசேரி வட்டாரத்தில் இக்கலையை மீட்டெடுத்தபோது அவர்களுக்குக் கைகொடுத்ததும் இந்த எச்சமே.

ஆக, கலையைக் காத்தது முதற்படி. பேச்சுமொழி எடுத்துக்கொண்டதோ மூன்றாம் படியின் அங்கத்தையும் அடவையும். எடுத்ததிலும் பொருள் திரிந்துவிட்டது. களரியில் சுவடு மாற்றுவது நிலைகுலையாமல் இருப்பதற்கு. செய்தித்தாளில் அது நம்பிக்கைத் துரோகம். கச்சை இடுப்பைத் தாங்கும் நீண்ட துணி; பேச்சிலோ ஒருவரைக் கெடுக்கவும் ‘கச்சகெட்டி’ இறங்கலாம். இது மொழியின் குற்றமன்று. சண்டையை வெளியே நின்று பார்த்தவர்கள் உருவாக்கிய சொல்வளம் இது. அவர்கள் கண்ணில் பட்டது வெட்டு மட்டுமே. மெய்த்தாரியின் நீண்ட மாதங்களில் வேடிக்கை பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

2017இல் பத்மஸ்ரீ பெற்ற மீனாட்சியம்மாவின் ஊரான வடகரையும் இதே வடக்கு மலபாரில்தான் இருக்கிறது. தேர்தல் ஓய்ந்து இடவப்பாதி மழை தொடங்கும்போது, அவ்வட்டாரக் களரிகளில் எண்ணெய் பூசிய சிறுவர் சிறுமியர் வாய்த்தாரிக்குக் காது கொடுத்து நிற்பர். கோலைத் தொடும் நாள் அவர்களுக்கு இன்னும் வந்திருக்காது.