தாயின் சாட்சியமும் ஒரு தீர்ப்பும்

ஜப்பான்காரர் காலத்தில் வயசுப் பெண்களை மறைத்து வைத்துக் காப்பாற்றிய கதைகளை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்காலத்தில் பல நாட்டுப் பெண்கள் இராணுவ விடுதிகளில் அடைக்கப்பட்டுச் சீரழிக்கப்பட்டார்கள். ஆனால், 1946 முதல் 1948 வரை தோக்கியோவில் நடந்த போர்க்குற்ற விசாரணையில், அந்தக் கொடுமைக்காக எவர்மீதும் தனிக் குற்றச்சாட்டு சுமத்தப்படவில்லை.

1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம், போர்க்காலத்தில் பெண்களின் மானத்தைக் காக்க வேண்டும் என்றது. பலாத்காரத்தைப் பெயர் சொல்லியே தடுத்தது. எனினும், கடுமையான மீறல்களின் பட்டியலில் அதைப் பெயரிட்டுச் சேர்க்கவில்லை.

நிலைமை எப்போது மாறியது? அதை அறிய நாம் ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டாவைப் பார்க்க வேண்டும். அங்கே 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஏறத்தாழ நூறு நாளில், சுமார் 8,00,000 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் துட்சி இனத்தவர். குற்றவாளிகளை விசாரிக்க ஐக்கிய நாடுகள் சபை அமைத்த நீதிமன்றம், பக்கத்து நாடான தான்சானியாவின் அருஷா நகரில் கூடியது.

1997-இல், தாபா என்ற ஊரின் நிர்வாகத் தலைவராக இருந்த அகாயேசுவின் வழக்கு தொடங்கியது. குற்றப்பத்திரிகையில் கொலை இருந்தது, பலாத்காரம் இல்லை. சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தம் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிட்டார். இன்னொரு பெண்ணும் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். நீதிபதிகள் அதைத் தள்ளாமல் மேலும் கேட்டார்கள். ஜூன் மாதம் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது.

அந்த மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர் வழி வந்தவர்.

1998 செப்டம்பர் 2-இல் தீர்ப்பு வந்தது. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் பலாத்காரம் இனப்படுகொலையே என்று அனைத்துலக நீதிமன்றம் ஒன்று முதன்முறையாகக் கூறியது. தம் அலுவலக வளாகத்தில் நடந்த கொடுமைக்குத் துணைநின்றதும் அகாயேசுவின் குற்றமாயிற்று. அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

2008-இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம், இத்தகைய வன்முறை போர்க்குற்றமாகலாம் என்று தீர்மானித்தது. ஆயினும் கொடுமை ஓயவில்லை. தண்டனை பெறாதவர் பலர். சட்டம் இருந்தால் போதாது, சொல்பவரும் வேண்டும், காதுகொடுத்துக் கேட்பவரும் வேண்டும்.

அந்தத் தாயின் பெயர் நமக்குத் தெரியாது. அவருடைய பாதுகாப்புக்காக நீதிமன்றம் அவரை ஓர் எழுத்தால் மட்டுமே குறித்தது. மானம் போனது அவருக்கோ அவர் மகளுக்கோ அன்று, கொடுமை செய்தவர்களுக்கே. இதை நம் பிள்ளைகளுக்கும், முக்கியமாக ஆண் பிள்ளைகளுக்கு, நாம் சொல்லி வளர்ப்போம்.